தடித்த எழுத்தும் கூட்டல் குறியும்: ஹால் ஆஃப் ஃபேம் வாதத்துக்கு பேஸ்பால் ரெஃபரன்ஸ் எவ்வளவு உதவுகிறது?

பேஸ்பால் புள்ளிவிவரங்களைத் தொகுத்துத் தரும் பேஸ்பால் ரெஃபரன்ஸ் தளத்தில் வாழ்நாள் ஸ்ட்ரைக் அவுட் (பந்து வீசும் பிட்சர், அடிப்பவரை மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றுவது) பட்டியலைத் திறந்தால், முதல் பத்துப் பெயர்களில் எட்டின் பக்கத்தில் சின்னக் கூட்டல் குறி ஒன்று இருக்கும். அந்தக் குறி உள்ளவர், பேஸ்பாலின் தலைசிறந்தவர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றவர் என்று பொருள். குறி இல்லாத இருவரில் ஒருவர் ரோஜர் கிளெமென்ஸ். ஊக்கமருந்துக் குற்றச்சாட்டின் நிழலிலேயே பத்து முறை வாக்கெடுப்புக்கு வந்து, 2022இல் 65.2 விழுக்காட்டோடு கடைசி வாய்ப்பையும் இழந்தவர். மற்றவர் எட்டாம் இடத்தில் தடித்த எழுத்தில் இருக்கிறார்: ஜஸ்டின் வெர்லாண்டர், 3,553. தடித்த எழுத்து என்றால் இன்னும் களத்தில் இருப்பவர். 2025 சீசன் முடிந்த நிலையில், அவருக்கு நேர் மேலே உள்ள டான் சட்டனைச் சமன் செய்ய இன்னும் 21 ஸ்ட்ரைக் அவுட் தேவை. பதினோராம் இடத்தில் மறுபடியும் ஒரு தடித்த பெயர்: மேக்ஸ் ஷெர்சர், 3,489. இந்தத் தடித்த பெயர்களில் எவையெவை ஒரு நாள் கூட்டல் குறி பெறும் என்பதுதான் எனக்கும் என் அண்ணன் மகனுக்கும் ஆண்டு முழுவதும் ஓயாத வழக்கு. அந்த வழக்கில் நாங்கள் இருவரும் சாட்சிக்கு அழைப்பது இந்த ஒரு தளத்தைத்தான். பல ஆண்டுகளாக அன்றாடம் பயன்படுத்தியவன் என்ற முறையில், இந்த ஒரு வேலைக்கு அது எந்த அளவுக்குப் பயன்படுகிறது, எந்த இடத்தில் கைவிடுகிறது என்று எழுதிவைக்க விரும்புகிறேன்.

தளத்தை 2000ஆம் ஆண்டு தொடங்கியவர் ஷான் ஃபோர்மன். கணிதம் படித்தவர், பின்னர் கணிதம் கற்பித்தவர். பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் நேற்றிரவு முடிந்த ஆட்டம் வரை, ஒரே ஒரு பந்தைச் சந்தித்தவருக்கும் தனிப்பக்கம் உண்டு. பக்கங்களைப் பார்க்கக் கட்டணம் இல்லை, விளம்பரங்கள் உண்டு. நிபந்தனைகளை நாமே வகுத்துத் தேடும் வசதி மட்டும் ஸ்டாட்ஹெட் என்ற சந்தா சேவையாகத் தனியே கிடைக்கிறது. ஹால் ஆஃப் ஃபேம் வாதத்துக்கு அந்தச் சந்தா கட்டாயம் இல்லை. நமக்கு வேண்டியவை எல்லாம் ஒவ்வோர் ஆட்டக்காரரின் பக்கத்திலும், நீண்ட அட்டவணைகளை எல்லாம் கடந்து கீழே போனால், ஒரு சிறு தொகுதியாக இருக்கின்றன. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் அவ்வளவு தூரம் இறங்கிப் பார்ப்பதில்லை என்பதே எனக்கு ஆற்றாமை.

அந்தத் தொகுதியைப் படிக்குமுன் ஹால் ஆஃப் ஃபேம் அமைந்துள்ள கூப்பர்ஸ்டவுனின் விதிகளை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். குறைந்தது பத்து சீசன்கள் ஆடியிருக்க வேண்டும். ஓய்வுபெற்று ஐந்து ஆண்டுகள் கழிய வேண்டும். பிறகு பேஸ்பால் எழுத்தாளர் சங்கத்தில் பத்தாண்டு உறுப்பினராக இருந்தவர்கள் வாக்களிப்பார்கள். ஒருவர் அதிகபட்சம் பத்துப் பெயர்களைக் குறிக்கலாம். 75 விழுக்காடு கிடைத்தால் உள்ளே. 5 விழுக்காட்டுக்குக் குறைந்தால் பட்டியலிலிருந்தே நீக்கம். இடைப்பட்டவர்களுக்குப் பத்து ஆண்டு வரை வாய்ப்பு. வாக்காளர்கள் ஆட்டத்திறனோடு நேர்மையையும் நடத்தையையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்பதும் எழுதப்பட்ட விதியே. இதில் நடத்தையை எந்த அட்டவணையும் அளக்காது. தளமும் அளப்பதாகச் சொல்லிக்கொள்வதில்லை, அது சரியே.

தொகுதியின் மையம் ஜாஸ் என்ற எண். பேஸ்பால் எழுத்தாளர் ஜே ஜாஃபே 2004இல் அறிமுகப்படுத்திய இந்த முறையைப் புரிந்துகொள்ள முதலில் வார் என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். கீழ்நிலை லீகிலிருந்து கூப்பிட்டவுடன் வந்து நிற்கக்கூடிய ஒரு சாதாரண மாற்று ஆட்டக்காரரைவிட, இவர் தன் அணிக்கு எத்தனை வெற்றிகளைக் கூடுதலாகத் தந்தார் என்பதே வார். அடித்தது, ஓடியது, பிடித்தது, நின்ற இடத்தின் கடினம் எல்லாம் ரன்களாக மாற்றப்பட்டு, ஏறத்தாழ பத்து ரன்னுக்கு ஒரு வெற்றி என்ற கணக்கில் வெற்றிகளாகின்றன. ஜாஸ் இரண்டு எண்களின் சராசரி: ஒன்று வாழ்நாள் வார், மற்றொன்று ஒருவருடைய மிகச் சிறந்த ஏழு சீசன்களின் கூட்டுத்தொகை. அந்த ஏழும் அடுத்தடுத்து வர வேண்டியதில்லை. இந்த எண்ணை ஏற்கெனவே ஹால் ஆஃப் ஃபேமில் உள்ள, அதே இடத்தில் ஆடியவர்களின் சராசரியோடு தளம் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறது. என் பார்வையில் தளத்தின் தலையாய கொடை இந்தப் பக்கத்தில் வைத்தல்தான். "இவர் பெரிய ஆட்டக்காரர்" என்ற பொத்தாம்பொதுவான பேச்சை, "இவரை யாரோடு ஒப்பிடுகிறாய்?" என்ற நேர்க் கேள்வியாக அது மாற்றிவிடுகிறது.

இதன் தாக்கம் வாக்கெடுப்பிலேயே தெரிகிறது. இரண்டாம் பேஸில் ஆடிய லூ விட்டேக்கர் 75 வார் சேர்த்தவர், 2001இல் 2.9 விழுக்காடு மட்டும் பெற்று முதல் முறையிலேயே நீக்கப்பட்டார். அப்போது இந்த ஒப்பீடு வாக்காளர்களின் கையில் இல்லை. மாறாக, மூன்றாம் பேஸில் ஆடிய ஸ்காட் ரோலன் 2018இல் 10.2 விழுக்காட்டில் தொடங்கி 2023இல் 76.3 விழுக்காட்டோடு உள்ளே வந்தார். லேரி வாக்கர் கடைசி வாய்ப்பான 2020இல் 76.6 விழுக்காடு பெற்றார். இவர்களுக்காக வாதாடியவர்கள் திரும்பத் திரும்பக் காட்டியவை இத்தகைய எண்களே.

இனி ஆட்டக்காரர்களுக்கு வருகிறேன். மைக் ட்ரவுட்டின் பக்கம் இந்த முறைக்கு மிகவும் பொருந்திய பக்கம். ஹால் ஆஃப் ஃபேமில் உள்ள சென்டர் ஃபீல்டர்களின் சராசரி ஜாஸ் சுமார் 58. வில்லி மேஸ், டை காப், டிரிஸ் ஸ்பீக்கர் ஆகியோர் இழுத்து உயர்த்திய சராசரி அது. ட்ரவுட் அதை 28 வயது முடிவதற்குள்ளாகவே தாண்டிவிட்டார். 2014, 2016, 2019 என மூன்று எம்.வி.பி. (லீகின் அந்த ஆண்டின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர்) விருதுகள். அதன் பின் கீழ்நோக்கிப் படித்துக்கொண்டு போனால் மனம் கனக்கிறது. ஆடிய ஆட்டங்களின் கட்டத்தில் 2021இல் 36, 2023இல் 82, 2024இல் 29 என்று இருக்கின்றன. கெண்டைக்கால், கை, முழங்கால் என ஒவ்வொன்றாகக் காயப்பட்ட ஆண்டுகள் அவை. 2025இல் 130 ஆட்டங்கள் ஆடி 400ஆவது ஹோம் ரன்னையும் (பந்தை வேலி தாண்டி அடிப்பது) கடந்தார். ஆயினும் வாழ்நாள் வார் இன்னும் 87 அளவில்தான் நிற்கிறது. ஒரு காலத்தில் 120க்குப் போவார் என்று நம்பியவர்களில் நானும் ஒருவன்.

"அவர் அக்டோபரில் என்ன செய்தார்?" என்று, சீசனுக்குப் பிந்தைய ஆட்டங்களின் மாதத்தைச் சுட்டிக் கேட்பவர்கள் உண்டு. 2014இல் மூன்றே ஆட்டங்கள், பன்னிரண்டு வாய்ப்புகளில் ஒரு ஹிட், அது ஒரு ஹோம் ரன். அவ்வளவே. வழக்கமான சீசனுக்குப் பிந்தைய ஆட்டங்கள் ஜாஸில் சேருவதில்லை. ட்ரவுட் விஷயத்தில் அது நியாயம் என்றே நினைக்கிறேன், ஏனெனில் அணி தகுதிபெறாமல் போனதற்கு ஒருவரைப் பொறுப்பாக்க முடியாது. அதே விதி ஃப்ரெடி ஃப்ரீமனுக்கு அநியாயமாகிவிடுகிறது. 2024 உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில், கணுக்கால் காயத்தோடு வந்து, பேஸ்கள் நிரம்பியிருக்க அவர் அடித்து முடித்துவைத்த ஹோம் ரன், அவருடைய ஜாஸ் எண்ணில் ஓர் அணுவளவும் இல்லை. அந்தப் பக்கத்தை மட்டும் படிப்பவர் அவரை முதல் பேஸ் சராசரியை ஒட்டி நிற்கும் ஒருவர் என்று மட்டுமே முடிவு செய்வார். 2,400க்கும் மேற்பட்ட ஹிட்கள், 2020 எம்.வி.பி., மூன்று உலகத் தொடர் வெற்றிகள் எல்லாம் சேர்ந்து, அவர் இன்றே ஓய்வுபெற்றாலும் உள்ளே போகத் தகுந்தவர் என்பது என் தீர்ப்பு. இந்தத் தீர்ப்புக்குத் தளம் பாதி வழிதான் துணை வரும்.

பிட்சர்களுக்கு வரும்போது வாதம் இன்னும் சூடாகிறது. வெர்லாண்டர், ஷெர்சர் இருவரைப் பற்றியும் சந்தேகம் எழுப்புபவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. வெர்லாண்டருக்கு 2011, 2019, 2022 என மூன்று சை யங் (லீகின் சிறந்த பிட்சருக்கானது) விருதுகள். அவற்றில் கடைசியானது முழங்கை அறுவை சிகிச்சையிலிருந்து மீண்டு வந்து, 39 வயதில், 1.75 இ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாகத் தன் பொறுப்பில் தந்த ரன்) என்ற நம்ப முடியாத எண்ணோடு பெற்றது. ஷெர்சருக்கும் 2013, 2016, 2017 என மூன்று. பிட்சரின் பெயரில் எழுதப்படும் வெற்றிக் கணக்கில் வெர்லாண்டரின் 266ஐயும் ஷெர்சரின் 221ஐயும் பார்த்துவிட்டு, "300 இல்லையே" என்று உதட்டைப் பிதுக்கும் பழைய பழக்கம் இன்று செல்லாது. கடைசியாக 300ஐத் தொட்டவர் ராண்டி ஜான்சன், 2009இல். இன்று ஒரு சீசனில் 200 இன்னிங்ஸ் வீசுபவர்களையே விரல்விட்டு எண்ணிவிடலாம். 2025 சீசனோடு விடைபெற்றுவிட்ட கிளேட்டன் கெர்ஷாவை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அவர் பெயர் 2031 வாக்குச் சீட்டில் வரும், அதில் வாதத்துக்கே இடமில்லை.

வாதத்துக்கு இடம் கொடுப்பவர் ஜேக்கப் டிகிராம். சென்ற மாதம் என் அண்ணன் மகன் தன் கைபேசியில் அவருடைய பக்கத்தைத் திறந்து என் முன் நீட்டினான்.

"சித்தப்பா, 96 வெற்றிதான். இத வச்சுக்கிட்டு யாராவது உள்ள போயிருக்காங்களா?"

"அந்தக் கட்டத்தை விட்டுட்டு, 2018 வரிசையை இடமிருந்து வலமா வாசி," என்றேன்.

வாசித்தான். 10 வெற்றி, 9 தோல்வி, 1.70 இ.ஆர்.ஏ. வலப்பக்கத்தில் சை யங் விருது. பத்தே வெற்றிகளோடு, ஆட்டத்தைத் தொடங்கி வீசும் ஒரு ஸ்டார்ட்டிங் பிட்சருக்கு அந்த விருது கிடைத்தது என்பதே, எழுத்தாளர்கள் வெற்றிக் கணக்கைப் பார்க்கும் முறை மாறிவிட்டதற்குச் சாட்சி. அவர் அவ்வளவு நன்றாக வீசியும் அணி ரன் எடுத்துத் தரவில்லை. 2019இல் 11 வெற்றிகளோடு மறுபடியும் அதே விருது. 2021இல் பதினைந்து ஆட்டங்களில் 1.08. பிறகு மூன்று ஆண்டுகளில் 11, 6, 3 என்று தொடங்கிய ஆட்டங்கள் சுருங்கின. அவன் உடனே ஜோஹன் சான்டனாவின் பக்கத்துக்குத் தாவினான். இரண்டு சை யங் விருதுகள், 139 வெற்றிகள், 2018இல் 2.4 விழுக்காடு, முதல் ஆண்டிலேயே நீக்கம். நான் சாண்டி கூஃபாக்ஸின் பக்கத்தைத் திறந்தேன். 30 வயதில் கை ஓய்ந்து விலகியவர், 165 வெற்றிகள், வாழ்நாள் வார் ஹால் ஆஃப் ஃபேம் பிட்சர்களின் சராசரியைவிட மிகவும் குறைவு, ஆனாலும் 1972இல் முதல் வாக்கெடுப்பிலேயே உள்ளே. டிஸ்ஸி டீன் 150 வெற்றிகளோடு உள்ளே போனவர். இப்படி எதிரெதிர்ச் சாட்சிகள் இரண்டும் ஒரே தளத்தில் இரண்டு சொடுக்குகளில் கிடைத்தன. அன்று முடிவு எட்டவில்லை. ஆனால் இருவரும் எழுந்தபோது, முன்பு தெரியாத ஏதோ ஒன்றைத் தெரிந்துகொண்டுதான் எழுந்தோம். என் கருத்து, டிகிராம் 2025இல் மீண்டு வந்து பெற்ற 12 வெற்றிகளைப் போல் இன்னும் இரண்டு முழு சீசன்கள் வீசினால் அவருக்குக் கதவு திறக்க வேண்டும் என்பதே.

ஸ்டார்ட்டிங் பிட்சர்களின் ஜாஸ் சராசரியில் ஒரு பழைய கோணல் இருந்தது. 1884இல் ஓல்ட் ஹாஸ் ராட்போர்ன் ஒரே சீசனில் 678 இன்னிங்ஸ் வீசினார். அத்தகையவர்களின் வார் சேர்ந்து உயர்த்திய சராசரியோடு இன்றைய பிட்சரை ஒப்பிட்டால், எவரும் குள்ளமாகத்தான் தெரிவார்கள். ஜாஃபே 2022இல் எஸ்-ஜாஸ் என்ற திருத்தத்தைக் கொண்டுவந்து, ஏழு சிறந்த சீசன்களைக் கணக்கிடும்போது ஒரு சீசனின் பங்கை 250 இன்னிங்ஸ் அளவுக்குச் சுருக்கினார். தற்கால பிட்சரைப் பற்றி வாதாடுபவர்கள் பழைய எண்ணை விட்டுவிட்டு இதையே பார்க்க வேண்டும்.

தளம் கைவிடும் முதல் இடம் கேட்சர்கள். பந்தை வாங்கும் விதத்தாலேயே நடுவரிடம் ஸ்ட்ரைக் பெற்றுத்தரும் ஃப்ரேமிங் திறமை, இந்தத் தளத்தின் வார் கணக்கில் இல்லை. ஃபேன்கிராஃப்ஸ் தளத்தின் வார் கணக்கில் உண்டு. ஓய்வுபெற்ற யாடியர் மொலினாவுக்கு இங்கே சுமார் 42, அங்கே சுமார் 55. பதின்மூன்று வெற்றி வித்தியாசம் என்பது இரண்டு மிகச் சிறந்த சீசன்களுக்குச் சமம். ஆகவே கேட்சரைப் பற்றி வாதிடும்போது ஒரே தளத்தின் எண்ணைத் தூக்கிப் பிடிப்பது தவறு. இது எல்லாருக்கும் ஆதாயமாக முடிவதும் இல்லை. இன்னும் ஆடிக்கொண்டிருக்கும் சால்வடோர் பெரஸ் 300 ஹோம் ரன்களைக் கடந்தவர், ஒன்பது முறை ஆல்-ஸ்டார், 2015 உலகத் தொடரின் எம்.வி.பி., 2021இல் 48 ஹோம் ரன் அடித்தவர். ஆனால் வார் 35ஐ ஒட்டியே இருக்கிறது. கேட்சர்களின் சராசரி ஜாஸ் சுமார் 44. ஃப்ரேமிங் அவருடைய பலம் அல்ல என்பதால் அதைச் சேர்த்தால் அவர் கணக்கு இன்னும் இறங்கும். இத்தனைக்கும், பதினைந்து ஆண்டுகளாக ஒரே அணியின் முகமாக அந்த முகமூடிக்குப் பின்னால் குந்தியிருந்தவரை இந்த எண்ணை மட்டும் காட்டி ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. 2027இல் பஸ்டர் போசி முதல்முறையாக வாக்குச் சீட்டில் வரும்போது, கேட்சர்களை எப்படி அளப்பது என்ற கேள்விக்கு எழுத்தாளர்களே ஓரளவு விடை சொல்லிவிடுவார்கள்.

இரண்டாவது இடம் ரிலீஃப் பிட்சர்கள். ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸை மட்டும் வீசுபவருக்கு வார் சேரவே சேராது. பில்லி வாக்னர் பதினாறு சீசன்களில் மொத்தம் 903 இன்னிங்ஸ்தான் வீசினார். வார் 28ஐக்கூட எட்டவில்லை. ஆயினும் 422 சேவ்களோடு (அணியின் முன்னிலையைக் கடைசிவரை காத்து முடித்த ஆட்டங்கள்), பத்தாவதும் கடைசியுமான வாய்ப்பில், 2025இல் 82.5 விழுக்காடு பெற்றார். அவர் திறந்த வழியில் இப்போது நிற்பவர் கென்லி ஜான்சன். குராசோவிலிருந்து கேட்சராக வந்து பிட்சராக மாற்றப்பட்டவர், 2025 முடிவில் 476 சேவ்கள், மூன்றாம் இடத்தில் உள்ள லீ ஸ்மித்துக்கு இரண்டு குறைவு. கிரெய்க் கிம்ப்ரல் 440. உச்ச ஆண்டுகளில் கிம்ப்ரல் ஜான்சனைவிட அச்சம் தந்தவர் என்று நினைக்கிறேன். ஆனால் சரிந்த பிறகு அணி அணியாக மாறினார். ஜான்சனோ தேயாமல் நின்றார். என் வாக்கு இருந்தால் ஜான்சனுக்கே முதலில் போகும்.

ஆரோன் ஜட்ஜ் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். 24 வயதில், 2016இல் தாமதமாக வந்ததால் அவருடைய மொத்தக் கணக்கு எப்போதும் சற்றுக் குறைவாகவே தெரியும். 2025 முடிவில் 368 ஹோம் ரன்கள். ஆனால் ஏழு சிறந்த சீசன்கள் என்ற கட்டம் அவருக்காகவே வகுத்தது போல இருக்கிறது. 2022இல் 62, 2024இல் 58, 2025இல் 53 ஹோம் ரன்களோடு .331 சராசரி, மூன்று எம்.வி.பி. விருதுகள். வாழ்நாள் வார் ரைட் ஃபீல்டர்களின் சராசரிக்கு இன்னும் கீழே, உச்ச எண் அதற்கு வெகு மேலே. பத்தாவது சீசனையும் முடித்துவிட்டார். மூக்கி பெட்ஸின் கணக்கு அதைவிட எளிது: வார் 70ஐத் தாண்டியது, ஆறு தங்கக் கையுறை (சிறந்த ஃபீல்டிங்குக்கானது) விருதுகள், பிறகு 32 வயதில் ஷார்ட்ஸ்டாப்பாக மாறி ஒரு முழு சீசன் ஆடிய துணிச்சல். இருவரும் உள்ளே என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை.

ஜியான்கார்லோ ஸ்டான்டன் விஷயத்தில்தான் அட்டவணையும் மனமும் முட்டிக்கொள்கின்றன. 2025 முடிவில் 453 ஹோம் ரன்கள், களத்தில் உள்ளவர்களில் முதலிடம். 2017இல் 59 அடித்து எம்.வி.பி. ஆனார். 500ஐத் தொட்டால் பழைய கணக்குப்படி கதவு தானே திறக்கும். ஆனால் வார் 50ஐக்கூட எட்டவில்லை. எழுத்தாளர்கள் எதை நம்புவார்கள் என்பதற்கு அவரே உரைகல் ஆவார். ஹோசே அல்டூவேவுக்கு எண்களில் குறை அதிகம் இல்லை. மூன்று பேட்டிங் பட்டங்கள், 2017 எம்.வி.பி., 2,388 ஹிட்கள். அந்த 2017 ஆஸ்ட்ரோஸ் அணி எதிரணி கேட்சர் பிட்சருக்குக் காட்டும் சைகைகளைக் கேமரா வைத்துத் திருடியது நிரூபணமானதால், அவருடைய வாதம் அட்டவணைக்கு வெளியே போய்விட்டது. அதே அணியில் இருந்த கார்லோஸ் பெல்ட்ரான் 2023இல் 46.5 விழுக்காட்டில் தொடங்கி 2025இல் 70.3க்கு ஏறியதைப் பார்த்தால், எழுத்தாளர்களின் கோபம் ஆண்டுக்கு ஆண்டு ஆறுவது தெரிகிறது.

ஜாஸுக்குப் பக்கத்திலேயே பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் பில் ஜேம்ஸ் வகுத்த பழைய சோதனைகளும் உள்ளன. பிளாக் இங்க் என்பது ஒருவர் எத்தனை முறை லீகில் முதலிடம் பெற்றார் என்ற கணக்கு. அட்டவணையில் அந்த எண்கள் தடித்து அச்சாவதால் வந்த பெயர். கிரே இங்க், முதல் பத்துக்குள் வந்த கணக்கு. மானிட்டர் என்பது இவர் தகுதியானவரா என்பதை அல்லாமல், எழுத்தாளர்கள் இவரைத் தேர்ந்தெடுக்கக்கூடுமா என்பதைக் கணிப்பது, எம்.வி.பி. விருதுக்கு 8 புள்ளி, ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு 3 புள்ளி என்று கூட்டி, 100ஐத் தாண்டினால் வாய்ப்பு அதிகம் என்கிறது. தகுதியும் வாய்ப்பும் வேறு வேறு என்ற தெளிவைத் தருவதால் மானிட்டரை நான் மதிக்கிறேன். பிளாக் இங்க்கை இன்றைய ஆட்டக்காரர்களுக்குப் பயன்படுத்தும்போது கவனம் வேண்டும். 1960 வரை ஒரு லீகில் எட்டே அணிகள், இன்று பதினைந்து. எட்டில் முதலிடம் பெறுவதும் பதினைந்தில் முதலிடம் பெறுவதும் ஒன்றல்ல. அதுபோலவே 2020இல் கொரோனாவால் 60 ஆட்டங்களாகச் சுருங்கிய சீசனும் இந்தத் தலைமுறையின் எல்லா மொத்தக் கணக்குகளிலும் ஒரு பள்ளமாக இருக்கிறது. அந்தப் பள்ளத்தை நாமே மனத்தில் நிரப்பிப் படிக்க வேண்டும்.

பயன்பாட்டைப் பற்றி ஒரு சில சொற்கள். கைபேசியில் அகலமான அட்டவணைகளை விரலால் பக்கவாட்டில் நகர்த்திக்கொண்டே போக வேண்டும். பெரிய திரையில் படிப்பவருக்கே இது முழுப் பயன் தரும். எந்த நிரலின் தலைப்பைத் தொட்டாலும் பட்டியல் அதன்படி வரிசை மாறும். இந்த எளிய வசதியால்தான் "ஜாஸ் வரிசையில் எத்தனையாவது, உச்ச வரிசையில் எத்தனையாவது" என்று ஒரு நொடியில் பார்க்க முடிகிறது. 2021 முதல், கறுப்பினத்தவரை மேஜர் லீக் ஒதுக்கிவைத்த காலத்தில் தனியே நடந்த நீக்ரோ லீக் ஆட்டக்காரர்களின் கணக்குகளையும் மேஜர் லீக் கணக்காகவே சேர்த்திருக்கிறார்கள். பேட்டிங் சராசரிப் பட்டியலில் டை காப்புக்கு மேலே ஜாஷ் கிப்சனின் பெயரைப் பார்த்த நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இங்கே பதிவு செய்தே ஆக வேண்டும். வார் கணக்கிடும் முறை அவ்வப்போது திருத்தப்படுவதால் பழைய எண்கள் சற்றே மாறும். ஆகவே ஒன்றிரண்டு வெற்றி வித்தியாசத்தை வைத்துக்கொண்டு ஒருவரை உயர்த்தி மற்றவரைத் தாழ்த்துவது இந்தக் கருவியைத் தவறாகக் கையாள்வதாகும்.

கடைசியாக நான் ஒவ்வொரு முறையும் திறக்கும் பக்கம் ஷோஹெய் ஒட்டானியுடையது. இந்தத் தளம் ஒருவரைப் பேட்டர் என்றோ பிட்சர் என்றோ பிரித்து அளக்கும் வகையில் கட்டப்பட்டது. அவருடைய பக்கத்தில் பேட்டிங் அட்டவணை ஒன்று, பிட்சிங் அட்டவணை ஒன்று. இரண்டையும் கூட்டினால் வார் 50ஐத் தாண்டுகிறது. ஆனால் அந்தக் கூட்டுத்தொகையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட ஹால் ஆஃப் ஃபேமில் அவரைப் போல ஒருவர் இல்லை. நான்கு எம்.வி.பி. விருதுகள், நான்கும் ஒருமனதாக. 2024இல் 54 ஹோம் ரன்களும் 59 பேஸ் திருட்டுகளும். 2025 அக்டோபர் 17 அன்று, நேஷனல் லீக் இறுதித் தொடரின் ஆட்டத்தில், ஆறு இன்னிங்ஸ் வீசிப் பத்து பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்து, அதே ஆட்டத்தில் மூன்று ஹோம் ரன்களும் அடித்தார். ஜாஸில் இதற்கும் கணக்கு இல்லை. ஜப்பானில் 2013 முதல் 2017 வரை ஆடிய ஐந்து ஆண்டுகளும் பத்து சீசன் விதியில் சேரா. பேட்டிங் அட்டவணையில் 2018 முதல் 2025 வரை எட்டு வரிசைகள். பந்து வீசிய சீசன்கள் ஆறு. 2026, 2027 என்று இன்னும் இரண்டு வரிசைகள் சேர்ந்தால்தான் அவர் பெயர் வாக்குச் சீட்டுக்குத் தகுதிபெறும். எங்கள் வழக்கில் நானும் என் அண்ணன் மகனும் ஒரே பக்கம் நிற்கும் ஒரே பெயர் அவருடையதுதான். அந்த இரண்டு வரிசைகளும் சேரும்வரை அவர் முழங்கை தாங்க வேண்டும் என்பதே இருவருடைய வேண்டுதலும்.